தடை நாளில் பார்த்த கல்லூரிகள்

ஏறக்குறைய மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டிருந்தது. பேரருவிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு கடை உண்டு. துண்டு, அரைக்கால் சட்டை, நைட்டி, நல்லெண்ணெய், சீயக்காய், ஷாம்பு பாக்கெட் என்று, குளிக்க வருகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வரும் சாமான்கள் எல்லாம் எங்களிடம் கிடைக்கும். ஜனங்களின் மறதியில் பிழைக்கிறவர்கள் நாம் என்று என் மனைவி சொல்வாள். சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அதனால் சீசன் சமயத்தில் எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எதற்கும் அனுமதி கிடையாது.

அந்த வருடம் என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல மார்க். கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதும் இதே சமயத்தில்தான். இதை யார் இப்படித் திட்டம் போட்டார்களோ தெரியாது. அருவிக்கரையில் கடை வைத்திருக்கிறவனுக்கும் பிள்ளை இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை.

மகள் உளவியல் படிக்க வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மனசப் பத்திப் படிக்கதுக்குக் காலேஜ் எதுக்குட்டி? ஒரு சீசன் பூரா நம்ம கடையில ஒக்காந்தா எல்லா வகை மனுசனையும் பாத்துரலாமே."

"பாத்தாச்சுப்பா. அதனாலதான் படிக்கணுங்கேன்" என்றாள்.

வாயாடி. அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். சரி, படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கல்லூரியை நேரில் பார்க்காமல் சேர்க்க எனக்கு மனமில்லை. நூறு ரூபாய்த் துண்டையே பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிற ஜனங்களைப் பார்த்துப் பழகியவன் நான். மூன்று வருடம் பிள்ளை இருக்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் எப்படி?

பார்க்கப் போவதற்கு நேரம்தான் இல்லை. கூட்டம் இருக்கும்போது எங்கள் கடைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மலையில் பெருமழை பெய்தால் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டி வந்து விழும். 'ஆர்ச்ச தாண்டிட்டு' என்று நாங்கள் சொல்வோம். உடனே போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். குளிக்க ஆள் இல்லாத இடத்தில் துண்டு வாங்க ஆள் ஏது? எனவே தடை போடுகிற நாள் எல்லாம் கல்லூரி பார்க்கிற நாள். இப்படி முடிவானதும், தண்ணீர் அளவாக விழ வேண்டும் என்று நான் கும்பிட, மழை கொட்ட வேண்டும் என்று மகள் கும்பிட்டாள். பூஜை அலமாரியில் இருந்த சாமி யார் பேச்சைக் கேட்கும், பாவம்.

முதல் தடையிலேயே திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் எங்கள் வீட்டை விட்டு இறங்கும்போது நல்ல சாரல். கையில் குடை, சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை, என் கழுத்தில் மப்ளர். ஆலங்குளம் தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. கல்லூரி வாசலில் போய் நிற்கும்போது எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. காவலாளி என் மப்ளரை ஒரு பார்வை பார்த்தார்.

"குத்தாலமா?" என்றார். ஆமாம் என்றேன். "தடையா?" என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கல்லூரி பார்க்கப் பளபளவென்று இருந்தது. சுற்றிக் காட்ட ஒரு தம்பியை அனுப்பினார்கள். கட்டடம், ஆய்வுக்கூடம், கண்ணாடிக் கதவு என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். "இங்கன என்ன கொறை இருக்கு?" என்று கேட்டேன். அவர் திகைத்துவிட்டார். எங்களிடம் குறை என்று எதுவுமே இல்லை சார் என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மனம் விட்டுப்போயிற்று. சாயம் போகுமா என்று வாடிக்கையாளர் கேட்டால், நல்ல துண்டு விற்கிறவன் முதல் தண்ணீரில் கொஞ்சம் போகும் என்று சொல்வான். போகவே போகாது என்கிறவனை நம்பக் கூடாது. இதை நான் பஸ்ஸில் மகளுக்கு விளக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது காலேஜு. துண்டுக்கடை இல்ல."

அடுத்த தடைக்குத் தென்காசிக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி. வீட்டிலிருந்து தினமும் போய் வந்துவிடலாம். மரங்களும் நிழலுமாக எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உளவியல் மட்டும் இல்லை. கணக்கு படியேன், அதுவும் நல்ல படிப்புதானே என்று சொல்லிப் பார்த்தேன். மகள் வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அவள் சண்டை போட்டால் சமாளித்துவிடுவேன். பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாவதாகப் பார்த்தது திருநெல்வேலியைத் தாண்டி இருந்தது. பழைய கட்டடம்தான். உளவியல் துறையில் ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். அவரிடமும் என்ன குறை என்ற அதே கேள்வியைக் கேட்டேன். மகள் நாற்காலிக்குள் ஒடுங்கிக்கொண்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"ஹாஸ்டல் சாப்பாடு ரொம்ப சுமார்ங்க. மாடி வகுப்புல பாதி ஃபேன் ஓடாது. முதல் மாசம் பிள்ளைங்க அழுவாங்க. ஆனா பாடம் நடத்துறவங்க யாரும் பாதியில விட்டுட்டுப் போறதில்ல. அது மட்டும்தான் நான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார்.

எனக்கு அது போதும். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் வெளியே போய், அங்கே படிக்கும் பெண்களிடம் பேசிவிட்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெளியூர், விடுதி என்றால் செலவுதான், பிரிவுதான். ஆனாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். பட்டியல் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மலையில் மழை வெளுத்து வாங்கியது. அந்த வாரம் பாதிக்கு மேல் தடை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, சாத்திய அருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தண்ணீர் தணிந்து கயிற்றை அவிழ்த்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. ஒரு வாரமாகக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் வந்து இறங்கும். ஒரு வார நஷ்டத்தை ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரியிலிருந்து போன் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். விடுதியில் சேர்ப்பதால் அப்பா கட்டாயம் கூட வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய விவாதம்.

"திங்கக்கிழம போயி நயமாப் பேசிப் பாப்போம். ரெண்டு நாள்ல என்ன, குடியா முழுகிரும்?" என்றேன்.

"அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாவளாம்பா" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

"அப்படித்தான் சொல்லுவாவ. நம்ம கடைசி பீஸு, கடைசி பீஸுன்னு சொல்லி விக்கோம்லா? உள்ள ரெண்டு கட்டு கெடக்கும். அது மாதிரிதான்."

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் போனாலும் உள்ளே ஓர் இடம் எடுத்து வைத்திருப்பார்கள், கொஞ்சம் இழுத்துப் பேசினால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். இத்தனை வருடம் வியாபாரம் செய்தால் புத்தி அப்படித்தான் போகும்.

"நாளைக்குத் தடை போட்டா போவோம். இல்லன்னா திங்கக்கிழம. அப்பவும் நடக்கலன்னா சீசன் முடியட்டும். எந்தக் காலேஜ்னாலும் சேத்துருவோம்" என்று முடித்தேன்.

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மனைவி மறுநாளைக்கு வேண்டிய துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், அன்று எதுவும் சொல்லவில்லை. என் பேச்சில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். "காலைல நான் முந்திப் போயிக் கடையத் தெறக்கேன். நீங்க தென்காசியில சரக்க எடுத்துட்டு மெதுவா வாங்க."

விடிந்தும் விடியாததுமாக அவள் ஆட்டோவில் போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வரும்போது போன் அடித்தது. அவள்தான்.

"ஏங்க, ராத்திரி மலையில நல்ல மழையாம். தண்ணி ஆர்ச்ச தாண்டி விழுது. இப்பதான் கயிறு கட்டுதாவ. இங்க ஒண்ணும் யாவாரம் இல்ல, நீங்க பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தேன். மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. சரி, நம் ராசி அவ்வளவுதான் என்று அருவியையும் மேகத்தையும் சேர்த்துத் திட்டினேன். திரும்பினால் மகள் தலை வாரி, பூ வைத்து, பையோடு நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன ஒரு சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்தது. அலுவலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் ஓர் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் படிப்புக்கு வந்திருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். அவர்களும் உளவியல்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது.

"கூப்பிட்டவங்க யாராவது வரலைன்னா எங்களுக்குக் கிடைக்குமாம். இன்னும் ஒரே ஒரு பிள்ளைதான் வரணுமாம்" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய பெண் பார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை அல்ல, என் மகளின் கையில் இருந்த பையை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வேறு கட்டு எதுவும் இல்லை. நாங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் சேரப்போகிற பெண் இதோ பக்கத்தில், தலை வாரி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை நான் வந்து யாரிடம் நயமாகப் பேசியிருப்பேன்?

உள்ளே கூப்பிட்டார்கள். சான்றிதழ்களைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பணம் கட்டி முடித்தோம். வெளியே வரும்போது பெஞ்ச் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு எங்காவது இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மனைவிக்குப் போன் செய்து சேர்த்தாயிற்று என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அவள் சொன்னது பாதி கேட்கவில்லை.

"அங்கன என்ன சத்தம்?" என்றேன்.

"குளிக்க விடலன்னு ஆளுக நின்னு கத்துதாவ. யாவாரம் இல்ல, ஈ ஓட்டுதேன். நீங்க பிள்ளைக்கு நல்லாச் சாப்பாடு வாங்கிக் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத் தென்காசி பஸ் ஏறினோம். வருகிற வழியில் பாவூர்சத்திரத்தில் நெரிசல். எங்கள் பஸ் நகராமல் நின்றது. எதிரே குற்றாலத்திலிருந்து திரும்புகிற வேன்களும் கார்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சும்மா வேடிக்கை பார்த்தேன். வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். ஆண்களின் தலை எண்ணெயும் ஈரமுமாகப் படிந்திருந்தது. ஒருவர் கண் சிவந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இது அருவியில் நின்று குளித்த கண் ஆயிற்றே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேனின் ஜன்னல்களைக் கவனித்தேன். கண்ணாடியில் செருகி, வெளியே காயப்போட்டிருந்தார்கள் நாலைந்து துண்டுகளை. கிளிப்பச்சைத் துண்டுகள்.

அந்தத் துண்டுகளை எனக்கு நன்றாகத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈரோட்டில் ஒரு பெரிய கட்டாக வாங்கி வந்து, "இந்தக் கலர எவன் வாங்குவான்?" என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சரக்கு அது. இரண்டு சீசனாக ஒன்றுகூட விற்காமல் கிடந்தது. அந்த நிறத்தில் குற்றாலத்தில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அடுத்த வேனிலும் இரண்டு பச்சை. அதற்குப் பின்னால் நின்ற காரிலும் ஒன்று.

மகள் பக்கம் திரும்பினேன். அவள் அவசரமாக எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது?"

"அம்மாதான் சொல்லப்பிடாதுன்னா" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்றைக்குத் தடையே இல்லை. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டவில்லை. காலையிலிருந்து அருவி அருமையாக விழுந்திருக்கிறது. கூட்டம் அலைமோதியிருக்கிறது. என் மனைவி ஒற்றை ஆளாக நின்று அத்தனை பேரையும் சமாளித்துக்கொண்டு, நடுவில் எனக்கு ஈ ஓட்டிக் காட்டியிருக்கிறாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். என்னை ஏமாற்றிவிட்டார்களே, அம்மாவும் மகளும் சேர்ந்து என்னை ஒரு கூமுட்டையாக்கிவிட்டார்களே என்று பல்லைக் கடித்தேன். நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று குற்றாலம் வரை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைக்குப் போனபோது கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மனைவி ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அதுதான் சாப்பாடு. சாரலில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டிருந்தது. பக்கத்துப் பழக்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், இந்தச் சண்டையில் எனக்குப் பங்கில்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பி மங்குஸ்தானை அடுக்க ஆரம்பித்தார்.

"தடைன்னு சொன்னியே" என்றேன். ஒத்திகை பார்த்ததில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

"சொன்னேன். சொல்லலன்னா போயிருப்பீகளா?"

"நேத்தே சண்ட போட்டிருக்கலாம்லா?"

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பாவுக்கும் ஐந்தருவியில கடதான. நான் பிளஸ் டூ முடிச்ச வருசம் காலேஜுக்குப் போணும்னு கேட்டேன். நேத்து நீங்க சொன்ன அதே வார்த்த. சீசன் முடியட்டும்ட்டி, சேத்துருவோம்னாரு. எங்கம்மா அவருகூட நாள் பூரா சண்ட போட்டா. என்ன நடந்துச்சு? சீசன் முடிஞ்சு போயிக் கேட்டோம். அடுத்த வருசம் வாங்கன்னுட்டாவ. அடுத்த வருசமும் இதே மாசத்துலதான சீசன் வந்துச்சு?"

கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கடுத்த வருசம் உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் பிளஸ் டூ வரை படித்தவள் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அதோடு நின்றது ஏன் என்பது அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடம் ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்தில் நின்று வியாபாரம் பார்த்திருக்கிறோம். எதையாவது பேச வேண்டுமே என்று, "அந்தப் பச்சத் துண்ட எப்பிடி வித்த?" என்று கேட்டேன்.

"கடைசி பீஸுன்னு சொன்னேன்" என்றாள்.

மகள் குபீரென்று சிரித்தாள். பழக்கடை அண்ணாச்சியும் அதற்கு மேல் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் கண் கலங்கியதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கடைக்குள் போய், கலைந்து கிடந்த நைட்டிகளை அடுக்குகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

சீசன் சமயத்தில் அருவிக்கரைக் கடைக்காரர்கள் அருவியில் குளிப்பதில்லை. நேரம் இருக்காது. அன்றைக்கு மனைவி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, "கடையப் பாத்துக்கிடுங்க, நானும் பிள்ளையும் குளிச்சிட்டு வாரோம்" என்றாள். கேள்வி ஏதும் கேட்காமல் தலையாட்டினேன். இரண்டு பேரும் பெண்கள் குளிக்கிற பக்கமாக நடந்து போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை ஒற்றை ஆளாக அந்தக் கடையைச் சமாளிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதுவும் ஓய்ந்த கூட்டம்.

மகள் படிப்பை முடிக்கப்போகிறாள். முதல் மாதம் அந்தப் பேராசிரியை சொன்னபடியே அழுதாள், விடுதிச் சாப்பாட்டை இன்றுவரை திட்டுகிறாள், ஆனால் படிப்பைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பிள்ளைக்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாலும், நமக்குத் தோதான நாள் பார்த்துப் படிப்பு காத்திருக்காது என்பது எந்தக் கல்லூரியிலும் படிக்காத என் மனைவிக்குத்தான் எங்கள் வீட்டில் தெரிந்திருந்தது.